நாமம் போட்ட பூனை

மெட்டாலாவைத் தாண்டும்போதே மழை பிடித்துக்கொண்டது. இடப்பக்கம் கொல்லிமலை, வலப்பக்கம் போதமலை, நடுவில் ரோடு, ரோட்டில் நான். ஆத்தூரை விட்டுக் கிளம்பி அது இரண்டாம் நாள். வலது பாதத்தில் கோணிக் கிழிசலைச் சுற்றியிருந்தேன். அரிசி ஆலையில் நெல் அவிக்கும் இடத்தில் வெந்நீர் கொட்டி மேல்தோல் வழன்றுவிட்டது. ஆறினதும் வா என்று மேஸ்திரி சொல்லி அனுப்பினார். எனக்கு அப்போது இருபது வயது இருக்கும். அதற்குள் ஏழெட்டு இடங்களில் வேலை பார்த்தாகிவிட்டது. ஆறினதும் வா என்றால் வராதே என்று பொருள் என்பது எனக்குத் தெரியும். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. களத்தில் காயும் நெல்லைக் காலால்தான் கிளறவேண்டும். கால் வெந்தவனை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்.

எங்கே போகிறாய் என்று வழியில் கேட்டவர்களிடம் ராசிபுரம் என்றேன். மைல்கல்லில் அப்படித்தான் எழுதியிருந்தது. நான் நாலாவது வரை படித்தவன், மைல்கல் படிக்க அந்தப் படிப்பு போதும். அங்கே எனக்கு யாரையும் தெரியாது. தெரிந்தவர்கள் இருக்கும் ஊருக்குப் போவதைவிட அது எனக்கு எப்போதும் சுலபமாக இருந்திருக்கிறது.

நாமகிரிப்பேட்டையில் ஒரு வீட்டில் கம்மங்கூழ் கொடுத்தார்கள். அதைக் குடித்துவிட்டு நடந்து, பொழுது சாய்வதற்குள் ராசிபுரத்து நெசவாளர் தெருவின் பின்பக்கமாக ஊருக்குள் நுழைந்தேன். மழை விடவில்லை. கடைசி வீட்டுக்குப் பின்னால் கூரை போட்ட ஒரு சாயப் பட்டறை இருந்தது. நாலு பெரிய சாயத் தாழிகள், ஓர் அகலமான அடுப்பு. மழை நாளில் சாயம் போட்டால் நூல் காயாது, அதனால் ஆள் நடமாட்டம் இல்லை. உள்ளே போய் அடுப்பருகே உட்கார்ந்தேன். சாம்பலில் கொஞ்சம் சூடு மிச்சமிருந்தது. காலை நீட்டப் போனபோது அந்தச் சாம்பல் நகர்ந்தது.

அது ஒரு பூனை. உடம்பு சாம்பல் நிறம், நாலு பாதமும் வெள்ளை. நெற்றியில் நாமம். வெள்ளைக் கோடுகள் இரண்டு, நடுவில் சிவப்பு, பாதி அழிந்திருந்தது. நான் சுற்றிய ஊர்களில் பலதும் பார்த்திருக்கிறேன். நாமம் போட்ட பூனையை அன்றுதான் பார்த்தேன்.

நாலு கால்களையும் வயிற்றுக்கு அடியில் மடக்கி, தலையை மட்டும் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தது. தூங்கவில்லை. கண்ணோரத்தில் பீளை கட்டியிருந்தது. மூக்கின் இரண்டு துளைகளும் காய்ந்த சளியால் அடைத்துப்போய், மூச்சு விடும்போது ராட்டை சுற்றுவதுபோல ஒரு சத்தம் வந்தது. விலாவைத் தடவினேன். எலும்பு கையில் தட்டியது.

இப்படி உட்காருவதை நான் முன்பே பார்த்திருக்கிறேன். ஆலையின் நெல் கிடங்கில் ஒரு மஞ்சள் பூனை இருந்தது. என் மூட்டைமேல்தான் படுக்கும். போன மாசிப் பனியில் அதற்குச் சளி பிடித்தது. சோறு வைத்தேன், பால் வைத்தேன், தொடவில்லை. பசித்தால் தின்னும் என்று விட்டுவிட்டேன். அது தின்னவில்லை. ஆறாம் நாள் விறைத்துக் கிடந்தது. எஞ்சின் ஓட்டுகிறவர் அதன்பிறகு வந்து விளக்கம் சொன்னார். பூனை மூக்கால்தான் சாப்பிடும், வாசனை தெரியாவிட்டால் அதற்கு முன்னால் வைத்தது சோறா மண்ணா என்று அதற்குத் தெரியாது, முதல் நாளே நீ என்னிடம் கேட்டிருக்கலாம் என்றார். ஆலையிலிருந்து எனக்கு மிஞ்சியது வெந்த காலும் இந்தப் பாடமும்தான்.

மழைக்குத் தலையில் கோணியைக் கவிழ்த்துக்கொண்டு ஒரு பெண் வந்தாள். நாற்பது வயது இருக்கும். கையில் கிண்ணம். "சாமி, சாமி" என்று கூப்பிட்டுக்கொண்டே உள்ளே வந்தவள் என்னைப் பார்த்து நின்றாள். அந்தப் பக்கத்தில் பெரியவர், சின்னவர், ஆடு, மாடு எல்லாவற்றையும் சாமி என்றுதான் கூப்பிடுவார்கள். பூனையும் சாமிதான். என் காலைப் பார்த்ததும் என்னையும் சாமி என்றாள். கிண்ணத்தில் இருந்த தயிர்ச்சோற்றைப் பூனையின் முன்னால் வைத்தாள். பூனை முகத்தைத் திருப்பிக்கொண்டது.

சாப்பிட்டு எத்தனை நாள் ஆச்சு என்று கேட்டேன்.

"சனிக்கெழமை புடிச்சு ஒண்ணும் தொடலீங்க. வெரதம்."

அன்று புதன்கிழமை. அவள் சொன்ன கதை இதுதான். அந்தத் தெருவில் புரட்டாசி மாதம் முழுவதும் கவுச்சி கிடையாது. சனிக்கிழமைகளில் பெருமாளுக்குத் தளிகை சமைத்துப் படைக்கும்வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதவர்கள் உண்டு. அவள் வீட்டுப் பூனையும் புரட்டாசியில் தயிர்ச்சோறு மட்டும்தான் தின்னும் என்று மூன்று வருடமாகத் தெருவில் பேச்சு. எலியைப் பிடித்தாலும் தின்னாமல் வாசலில் போட்டுவிடுமாம். தின்றதை யாரும் பார்க்கவில்லை என்பதுதான் உண்மையாக இருக்கும், ஆனால் நான் அதைச் சொல்லவில்லை. இந்த வருடம் முதல் சனிக்கிழமை காலையிலேயே தயிர்ச்சோற்றையும் ஒதுக்கிவிட்டது. பூனை முழுப் பட்டினி விரதம் இருக்கிறது என்று செய்தி பரவியது. அடுத்த தெருவிலிருந்தெல்லாம் வந்து பார்த்தார்கள். யாரோ திருமண் குழைத்து நாமம் போட்டார்கள். ஒரு கிழவர் அதன் முன்னங்காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாராம். ஞாயிற்றுக்கிழமையும் சாப்பிடவில்லை. இரண்டு நாள் விரதம் என்றார்கள். திங்களும் சாப்பிடவில்லை. அதன்பிறகு பார்க்க வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். பூனை இங்கே வந்து அடுப்பில் படுத்துக்கொண்டது.

"அக்கா, இது விரதமில்லை" என்றேன். "சளி. மூக்கு அடைச்சுப்போச்சு. வாசனை தெரியலேன்னா பூனை தின்னாது. ஆலையில ஒண்ணு இப்படித்தான் இருந்துச்சு."

"இப்ப அது எப்படி இருக்குது?"

நான் குனிந்து காலில் கோணிக் கிழிசலை இறுக்கிக் கட்டினேன். அவள் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு குனிந்து, முந்தானை நுனியை மழைத் தண்ணீரில் நனைத்து, பூனையின் நெற்றியிலிருந்த நாமத்தைத் துடைத்தாள். துடைத்துவிட்டு அதைத் தூக்கி மார்போடு வைத்துக்கொண்டு, ஊட்டுக்கு வா சாமி என்று முன்னால் நடந்தாள்.

வீட்டில் அவள் புருஷனும் அவளும் மட்டும்தான். பிள்ளைகள் இல்லை. அவர் குழித்தறியில் உட்கார்ந்து வேட்டி நெய்துகொண்டிருந்தார். குழிக்குள் கால்கள் மிதிக்க, மேலே கை நூல் ஓட்டும் நாடாவை வீச, பேச்சு அதன்பாட்டுக்கு வரும். என்னை யார் என்று கேட்கவில்லை. காலைப் பார்த்துவிட்டு, நெல்லுக்குப் பதிலா காலை அவிச்சுட்டாங்களாட்ட இருக்குது என்றார். அவ்வளவுதான் விசாரணை.

அந்த வீட்டுக்குப் பூனை எதற்கு என்று அடுத்த நாள் புரிந்தது. பருத்திப் பாவுக்கு, அதாவது துணியில் நீளவாக்கில் ஓடும் இழைகளுக்கு, கஞ்சி போட்டுத்தான் தறியில் ஏற்றுவார்கள். கஞ்சி என்றால் சோற்றுக் கஞ்சி. எலிக்கு அது பந்தி விரித்த மாதிரி. பூனை இல்லாத தறிவீட்டில் பாவு தங்காது. அப்போது உலகச் சண்டை நடந்த காலம், நூல் கிடைப்பதே அரிது. தறியில் ஏறியிருந்த பாவு போனால் அடுத்தது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. இதெல்லாம் புருஷனுடைய கவலை. அவளுக்கு இந்தக் கணக்கெல்லாம் இல்லை. அந்தப் பூனை குழித்தறியின் குழிக்குள்ளேயே பிறந்தது. தாய்ப்பூனை கவ்விக்கொண்டு போகும்போது இந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டுப் போய்விட்டது. பஞ்சைப் பாலில் நனைத்து இவள் வளர்த்திருக்கிறாள். வளர்ந்த பிறகும் அவள் கையால் கொடுத்தால்தான் தின்னும். புருஷன் வைத்தால் தட்டைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்துவிட்டு அவளிடம் போய் உட்காரும்.

வியாழக்கிழமை முழுவதும் அந்தப் பூனையைச் சாப்பிட வைக்கப் பார்த்தோம். முதலில் மூக்கைத் திறக்கவேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்து, காய்ந்த சளியை ஊறவைத்து ஊறவைத்து எடுத்தேன். ஆவி பிடிக்கவேண்டும் என்றேன். அவள் உடனே ஓடிப்போய் வேலியிலிருந்து நொச்சித் தழையை ஒடித்து வந்து கொதிக்கும் தண்ணீரில் போட்டாள். மனிதர்களுக்கு அப்படித்தானே செய்கிறோம். நொச்சி வாடை எழும்பியதும் பூனை ஐந்து நாள் பட்டினியை மறந்து ஒரே பாய்ச்சலில் குழிக்குள் இறங்கி அவள் புருஷனின் கால்களுக்கு நடுவே ஒளிந்துகொண்டது. மிதி தவறி இழைகள் சிக்கி, தறி நின்றது. மருந்து நல்லாத்தான் வேலை செய்யுது என்றார் அவர்.

பிறகு வெறும் வெந்நீர் வைத்தோம். ஒரு கூடையைக் கவிழ்த்து, அதற்குள் பூனையையும் எட்ட ஓர் ஓரத்தில் வெந்நீர்ச் சட்டியையும் வைத்து, மேலே துணி போட்டு மூடினோம். அவள் கூடைமேல் கையை வைத்துக்கொண்டு, உள்ளே இருப்பதோடு பேசிக்கொண்டே இருந்தாள். என்ன பேசினாள் என்று காதில் விழவில்லை. வெளியே எடுத்தபோது இரண்டு தும்மல் போட்டது. மூச்சுச் சத்தம் கொஞ்சம் குறைந்தது.

பால் காய்ச்சி, ஆறுவதற்குள் கொடுத்தோம். தொடவில்லை. நெய்யை உருக்கிச் சோற்றில் பிசைந்தோம். ராசிபுரம் நெய், கிண்ணத்தைத் திறந்தால் தெருவுக்கே தெரியும். பூனைக்குத் தெரியவில்லை. உருகிய நெய்யைக் கொஞ்சம் எடுத்து அதன் முன்னங்காலில் தடவிப் பார்க்கச் சொன்னேன். பூனைக்குக் காலில் அழுக்கு ஒட்டினால் பொறுக்காது, பசி இல்லாவிட்டாலும் நக்கித்தான் தீரும். நக்கியது. இரண்டு நக்கு. அந்த இரண்டு நக்குக்கு அவள் முகம் எப்படி ஆனது என்று எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது. மூன்றாவது முறை தடவியபோது காலை உதறிவிட்டு எழுந்து போய்விட்டது. மிச்ச நெய்யை அவள் என் வெந்த பாதத்தில் பூசினாள். அந்தக் கால் பின்னால் தழும்பு இல்லாமல் ஆறியதற்குப் பூனையின் பிடிவாதம்தான் காரணம்.

வெள்ளிக்கிழமை காலையில் பார்த்தால் பாவில் நாலு விரல் அகலத்துக்கு இழைகள் அறுந்து தொங்கின. எலிக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அவள் புருஷன் சத்தம் போடவில்லை. ஒரு சிரட்டையில் சாம்பலை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, விரலைச் சாம்பலில் தொட்டுத் தொட்டு ஒவ்வோர் இழையாகத் திரித்து இணைக்க உட்கார்ந்தார். இணைத்துக்கொண்டே, கீழத்தெருவில் ஒரு பூனை குட்டி போட்டிருப்பதாகவும் அதில் ஒன்றைக் கேட்டால் கொடுப்பார்கள் என்றும் சொன்னார். சாதாரணமாகத்தான் சொன்னார். பக்கத்தில் அவள் ராட்டையில் நாடாவுக்கான நூலைத் தாராகச் சுற்றிக்கொண்டிருந்தாள். ராட்டை நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி சுற்ற ஆரம்பித்தது. அவர் அந்தப் பேச்சை அதன்பிறகு எடுக்கவில்லை.

அவர் தண்ணீர் சேந்தக் கிணற்றடிக்குப் போனபோது அவள் என் பக்கம் திரும்பாமலே பேசினாள்.

"நான் பெருமைப்பட்டுட்டேன் சாமி. அத்தனை சனம் வந்து பாக்குறப்ப எனக்குப் பெருமையா இருந்துச்சு. அது பசியில கெடந்திருக்குது. நான் பக்கத்துல நின்னு நாமம் போட உட்டேன்."

பூனை அவள் மடியில்தான் கிடந்தது. தலையைத் தூக்கவில்லை. அப்போதுதான் நான் முதலிலிருந்தே நினைத்துக்கொண்டிருந்ததைச் சொன்னேன். மூக்கு முக்கால்வாசி அடைத்திருக்கும்போது பாலும் நெய்யும் அதற்குள் போய்ச் சேராது. அந்தக் கதவை உடைத்துக்கொண்டு போகிற வாசனை ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, கருவாட்டைச் சுட்டால் வருவது.

"புரட்டாசியில அந்தப் பேரை ஊட்டுக்குள்ள சொல்லாத சாமி" என்றாள்.

அவள் மறுபடி ராட்டையைச் சுற்றினாள். இரண்டு தார் சுற்றி முடித்தாள். மூன்றாவதைச் செருகினாள்.

"எங்க கெடைக்கும்?"

சந்தையில் கிடைக்காது என்று அவளே சொன்னாள். வாங்க ஆள் இல்லாத மாதத்தில் கருவாட்டு வியாபாரிகள் அந்தப் பக்கம் வருவதில்லை. சேலத்தில்தான் இருக்கும். வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது, பட்டறைக்குக் கொண்டு வா என்றாள். அங்கே வைத்து நீயே கொடு, நான் தொடமாட்டேன் என்றும் சொன்னாள்.

நொண்டிக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்குப் போனேன். சண்டையில் பெட்ரோல் இல்லாமல்போன பிறகு பஸ்கள் எல்லாம் கரியில் ஓடிக்கொண்டிருந்தன. பின்னால் ஆள் உயர இரும்பு உருளை, அதற்குள் அடுப்புக்கரி. பக்கத்தில் கைப்பிடி வைத்த ஒரு சக்கரம். வண்டி கிளம்புவதற்கு அரைமணி முன்னாலிருந்து ஒருவன் அந்தச் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிக் காற்று ஊதவேண்டும். கரி கனிந்து புகை சரியாக வந்தால் எஞ்சின் எடுக்கும். நாமக்கல்லிலிருந்து வந்து சேலத்துக்குப் போகிற பஸ் ஒன்று நின்றுகொண்டிருந்தது. டிரைவரே சட்டையைக் கழற்றிவிட்டுச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார். துலுக்கர், ஐம்பது வயதுக்கு மேலிருக்கும், தாடியில் கரித்தூள். பாய், சேலத்திலிருந்து கொஞ்சம் கருவாடு வாங்கிவர முடியுமா என்று கேட்டேன்.

அவர் சுற்றுவதை நிறுத்தவில்லை. "புரட்டாசியில கருவாடு கேக்குறே. யாருக்கு?"

"ஒரு பூனைக்கு."

"வருசாவருசம் இந்த மாசத்துல நாலஞ்சு பேர் வந்து கேப்பாங்க. எல்லாருக்கும் பூனைக்குத்தான்."

நான் பூனையின் மூக்கைப் பற்றியும், ஆறு நாள் பட்டினியைப் பற்றியும், நாமத்தைப் பற்றியும் சொன்னேன். நாமத்தைச் சொன்னபோது சக்கரத்தை நிறுத்திவிட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, எந்தத் தெரு என்று கேட்டார். தன் உதவியாள் நேற்று நாமக்கல்லில் இறங்கிப் போனவன் திரும்பவில்லை, இந்த வயதில் தானே சுற்றித் தோள்பட்டை கழன்றுவிட்டது என்றார். நாளை மதியம் கருவாடு வரும், ஞாயிற்றுக்கிழமை விடிகாலை நீ வந்து சக்கரம் சுற்றவேண்டும், அதுதான் ஏற்பாடு என்றார். என் காலைக் காட்டினேன்.

"சக்கரத்தைக் காலாலயா சுத்துவாங்க?"

சனிக்கிழமை மதியம் அதே இடத்தில் நின்றேன். டிரைவர் இறங்கி வந்து, கரி மூட்டை ஒன்றை அவிழ்த்து, கைமுட்டுவரை உள்ளே விட்டு, தாமரை இலைப் பொட்டலம் ஒன்றை எடுத்தார். பாதிப் பேர் நாமத்தோடு உட்கார்ந்திருக்கிற வண்டியில் வேறு எங்கே வைப்பது என்றார். நெத்திலிக் கருவாடு, ஒரு கைப்பிடி. கரித்தூளைத் தட்டிவிட்டு மடியில் கட்டிக்கொண்டேன்.

தெரு அன்று வேறு மாதிரி இருந்தது. ஒவ்வொரு வீட்டிலும் தளிகை. சர்க்கரைப் பொங்கல், சுண்டல், வடை, புளிச்சோறு. துளசி வாசனையும் நெய் வாசனையும் வாசலுக்கு வாசல் நின்றன. உச்சிப்பொழுது கழிந்து, இலை போட்டுப் பெருமாளுக்குப் படைக்கப்போகிற நேரம். அந்தத் தெருவழியாக மடியில் கருவாட்டோடு நான் நடந்தேன். நாய் ஒன்று பின்னாலேயே வந்தது.

பூனை பட்டறை அடுப்பின் ஓரத்தில்தான் கிடந்தது. காலையிலேயே கொண்டுவந்து விட்டிருந்தாள். அடுப்பின் மறு ஓரத்தில் தீ மூட்டி வெந்நீர் வைத்து, கருவாட்டை முதலில் உப்புப் போக அதில் ஊறவைத்துப் பிழிந்தேன். உப்போடு கொடுத்தால் அந்த உடம்பு தாங்காது. பிறகு கனலைக் கிளறி, ஓட்டுச் சில்லைப் போட்டு, அதன்மேல் பரப்பினேன். புகை எழும்பியது. பூனையின் ஒரு காது திரும்பியது. பிறகு இன்னொரு காது. தலை மெல்ல மேலே வந்தது. மூக்கு அசைந்தது. ஒரு வாரத்தில் அது எதையாவது தேடி முகத்தைத் தூக்கியது அப்போதுதான்.

ஒரு மீனை எடுத்து ஊதி ஆற்றி, நசுக்கி, அதன் வாயருகே கொண்டுபோனேன். என் விரலை மோந்தது. என்னைப் பார்த்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஓட்டில் வைத்தேன். சுற்றி வந்து பார்க்கக்கூட அதற்குப் பலம் இல்லை. மறுபடி கால்களை மடக்கிக்கொண்டு தலையைத் தொங்கவிட்டது. காலில் தடவலாம் என்று பிடித்தேன், காலை இழுத்து அடியில் வைத்துக்கொண்டது. வேறு வழி இல்லை. போய்ச் சொன்னேன்.

அவள் தலைக்குக் குளித்து ஈரச்சேலையோடு நின்றிருந்தாள். இலை போட்டாகிவிட்டது. பொங்கல் பானை இறக்கி வைத்திருந்தது. புருஷன் கற்பூரத்தை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். வாசனை தெரிந்துவிட்டது, உங்கள் கையால் கொடுத்தால்தான் தின்னும் போலிருக்கிறது என்று வாசலில் நின்றபடியே சொன்னேன். அவள் இலையைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். அவர் கற்பூரத்தைத் திரும்ப டப்பாவில் போட்டு மூடினார்.

பட்டறையில் அவள் அடுப்பருகே உட்கார்ந்து மடியில் பூனையைப் போட்டுக்கொண்டாள். சுட்ட மீனை எடுத்தாள். விரல்களால் நசுக்கி, முள் எடுத்து, வெந்நீர் விட்டுக் குழைத்து, பூனையின் வெள்ளைப் பாதத்தில் தடவினாள். பூனை பாதத்தைப் பார்த்தது. நக்கியது. மறுபடி தடவினாள். மறுபடி நக்கியது. மூன்றாம் தடவை அவள் கையைப் பாதத்துக்குக் கொண்டுபோகுமுன் பூனை அவள் விரலுக்கே வந்துவிட்டது. விரலில் இருந்ததை நக்கியது, விரலைக் கடித்தது, ஓட்டிலிருந்ததைக் கழுத்தை நீட்டி எடுத்தது. தொண்டைக்குள்ளிருந்து ஒரு முனகல் வந்தது. தின்றுகொண்டே திட்டுவதுபோல ஒரு சத்தம். அவள் மீன் அப்பிய கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வாசனை அதற்குள் தெருவின் அந்தக் கோடிவரை போய்விட்டது. பக்கத்து வீட்டுக்காரி வந்து பட்டறை வாசலில் நின்றாள். முதல் சனிக்கிழமை நாமம் குழைத்துக் கொடுத்தவளே அவள்தான்.

"ஏனுங்கக்கா, பெருமாள் பூனைக்கு இன்னைக்குத் தளிகை இதுதானுங்களா?"

"ஆமாம்" என்றாள் இவள். "பெருமாள் என்ர ஊட்டுப் படையலுக்கு அடுத்த வாரம்வரைக்கும் பொறுத்துக்குவாரு. இது நாளைக்குவரைக்கும் பொறுக்காது. அந்தத் தண்ணியை இப்படி எடு."

பக்கத்து வீட்டுக்காரி ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு மூக்கை முந்தானையால் மூடிக்கொண்டு, உள்ளே வந்து தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்துக் கொடுத்தாள். கொடுத்தவள் போகவில்லை. அங்கேயே குந்தி, பூனை தின்று முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய புருஷன் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். விரதத்தைப் பார்க்க வந்த கூட்டம் அளவுக்கு இல்லை.

கைப்பிடி நெத்திலியில் பாதி போயிற்று. அதற்குமேல் கொடுக்கவேண்டாம், ஒரு வாரம் காய்ந்த வயிறு என்று நான்தான் நிறுத்தினேன். பூனை அவள் மடியிலேயே உட்கார்ந்து முகம் கழுவ ஆரம்பித்தது. உள்ளங்காலை நக்கி, நெற்றியைத் தேய்த்து, மிச்சமிருந்த திருமண்ணையும் எடுத்துவிட்டது.

அவள் கிணற்றடிக்குப் போய் மறுபடி தலைக்குக் குளித்துவிட்டு வந்தாள். இலையில் வைத்தது ஆறிப்போயிருந்தது. அன்றைக்குப் படைக்கவில்லை, கும்பிட மட்டும் செய்தார்கள். நாங்கள் சாப்பிட உட்காரும்போது பொழுது மலைப்பக்கம் சாய்ந்துவிட்டது. கருவாட்டு வாடை இன்னும் பின்கதவு வழியாக வந்துகொண்டே இருந்தது. அவள் புருஷன் புளிச்சோற்றைப் பிசைந்தபடி கொஞ்ச நேரம் மூச்சை இழுத்து இழுத்து விட்டார்.

"எனக்கும் ரெண்டு நாளா சளி புடிச்சாப்லதான் இருக்குது" என்றார்.

அவள் சிரித்தாள். நான் அந்த வீட்டில் இருந்த நாலு நாளில் அவள் சிரித்தது அப்போதுதான்.

தங்கிவிடு, தார் சுற்றக் கற்றுக்கொள், கால் ஆறியதும் தறியில் உட்காரலாம் என்று அவர் சொன்னார். நல்ல மனிதர், சொன்னதைச் செய்கிறவர். குழிக்குள் காலைத் தொங்கவிட்டு ஒரே இடத்தில் வருடக்கணக்காக உட்காருவதை நினைத்துப் பார்த்தேன். பஸ்காரரிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்றேன். அது உண்மையாகவும் இருந்தது, வசதியாகவும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் பூனையிடம் சொல்லிக்கொள்ளப் பார்த்தேன். அது வீட்டுக்குள் பாவுக்கு அடியில், எலி வந்த பொந்துக்கு நேராக உட்கார்ந்திருந்தது. இன்னும் மெலிவுதான், ஆனால் தலை நிமிர்ந்திருந்தது. என்னைக் கண்டுகொள்ளவில்லை.

பஸ் நின்ற இடத்தில் டிரைவர் கரியைக் கொட்டி அடுப்பு மூட்டி வைத்திருந்தார். சக்கரத்தைக் காட்டினார், சட்டையைக் கழற்றிவிட்டுச் சுற்ற ஆரம்பித்தேன். வேகமாகச் சுற்றினால் கரி சீறும், மெதுவாகச் சுற்றினால் அணைந்துவிடும், ஒரே சீராக, ராட்டை மாதிரி சுற்று என்றார். என் கையில் கருவாட்டு வாடை இன்னும் இருந்தது. அதோடு கரி வாடையும் சேர்ந்தது. ஆட்கள் வந்து ஏறிக்கொண்டிருந்தார்கள். நேற்றுப் போட்ட நாமம் அழியாமல் சிலர் இருந்தார்கள்.

அப்போது அவள் வந்தாள். கையில் மூடி போட்ட தூக்குவாளி. அதை என் பக்கத்தில் வைத்துவிட்டு நேரே டிரைவரிடம் போனாள். வீட்டுக்குள் அந்தப் பேரைச் சொல்லாதே என்றவள், எல்லோர் காதிலும் விழும்படி கேட்டாள்.

"ஏனுங்க, இன்னைக்குச் சாயந்திரம் வாரப்பவும் கொஞ்சம் நெத்திலி கொண்டாருங்க. பூனைக்கு."

வண்டிக்குள்ளிருந்து ஒருவர், பூனைக்கா, ஊட்டுக்காரருக்கா என்று கேட்டார். நாலு பேர் சிரித்தார்கள்.

"ரெண்டு பேருக்கும் சளிதானுங்க" என்றாள்.

டிரைவர் கரி மூட்டையின் வாயை இறுக்கிக் கட்டாமல், கை நுழையும்படி லேசாக முடிந்து, என்னைப் பார்த்து, நிறுத்தாமல் சுற்று என்றார். நான் சுற்றினேன். உருளைக்குள் கரி சிவந்து, எஞ்சின் இரண்டு தரம் இருமிவிட்டு எடுத்துக்கொண்டது. தூக்கைத் தூக்கிக்கொண்டு பின்படியில் ஏறினேன்.